பதினாறாவது வட்டம்

கல்யாண பேனர்ல கீழ் வரிசையில பதினாறு வட்டம் போட்டா பதினாறு மூஞ்சி வேணும். பதினஞ்சுல ஆளை வெச்சுட்டு ஒண்ணைக் காலியா விட முடியாது. விட்டா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், அவன் கூட்டாளிகளுக்குக் கோபம் வரும், கடைசியில என் தலைதான் உருளும்.

அதனால நான் ஒரு மூஞ்சியைப் போட்டேன். பழைய ஃபோல்டர்ல கிடந்த யாரோ ஒருத்தர் மூஞ்சி. பேனர் கடை வெச்சிருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான், இது எல்லாரும் பண்றதுதான். அந்த வரிசையை எவன் உத்துப் பாக்கப் போறான். பாத்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதைப் பொண்ணு வீட்டு ஆளுன்னு நெனப்பான், பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனப்பான். பத்து வருசமா என்னை யாரும் கேட்டதில்ல.

என் பேரு தவசிலிங்கம். ஆலடி ஜங்ஷனுக்குப் பக்கத்துச் சந்துல லிங்கம் கிராபிக்ஸ்னு கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாத்துக்கும் பேனர் அடிப்பேன். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பேன்.

அன்னைக்கு ஆவணி முகூர்த்தம். பேனர் கட்டுற ஆளு வரல. ஊரெல்லாம் கல்யாணம், அவன் எந்தக் கம்பத்துல தொங்கிக்கிட்டு இருந்தானோ. நானே ஏணியைத் தூக்கிட்டுப் போய் விடிஞ்சதும் ஆலடி பஸ் ஸ்டாப் ஓரமாக் கட்டினேன். பெர்மிசன் கிடையாது. கட்டின கம்பத்துல போலீஸ் கேமரா இருந்துச்சு. பேனர் அதை மறைச்சுச்சு. தெரிஞ்சேதான் கட்டினேன். எல்லாக் கம்பத்துலயும் கேமராவை மாட்டி வெச்சா மனுசன் வேற எங்கதான் கட்டுவான்.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளைகிட்டருந்து போன். "அண்ணே, ஒரு பக்கம் கயிறு அவுந்து என் மூஞ்சி மடங்கிக் கிடக்காம்ணே."

போனேன். ஏணியில ஏறி முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தப்ப கீழ ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனான். சாம்பல் கலர் சட்டை, குனிஞ்ச தலை. பேனரோட கடைசி ஓரத்துல, அந்தப் பதினாறாவது வட்டத்துக்குப் பக்கத்துல போய் நின்னான். டவுன் பஸ் வந்துச்சு. பையிலருந்து ஒரு பாட்டிலை எடுத்து, திரியைப் பத்த வெச்சு, ஜன்னல் வழியா உள்ள போட்டான். போட்டுட்டு ஓடல. பால் வாங்கப் போறவன் மாதிரி நடந்து போனான். நான் பாத்தது அவன் முதுகை மட்டும்தான்.

எங்க ஊர்ல அந்த வருசம் அது மூணாவது தாக்குதல். யாரு, எதுக்குன்னு ஒரு துப்பும் கிடையாது. முந்தின ரெண்டு தடவையும் ஆள் சிக்கல.

இனிமே சொல்றதைச் சொல்ல எனக்குக் கூசுது. எல்லாரும் பஸ்ஸைப் பாத்து ஓடினாங்க. டீக்கடை மாயழகு பாத்திரம் கழுவுற தண்ணியை வாளியோட தூக்கிட்டு ஓடினார். நான் ஏணி மேல நின்னுக்கிட்டுக் கயித்தை அறுத்தேன். போலீஸ் வரும், கேமராவைப் பாக்கும், பேனரைப் பாக்கும்னு அந்த நேரத்துலயும் எனக்குப் புத்தி தெளிவா வேலை செஞ்சுச்சு. பஸ்ஸுக்குள்ள ஒரு பொம்பளை கத்துறது கேட்டுச்சு. நான் பேனரைச் சுருட்டினேன். கடைக்குப் பின்னாடி போட்டுக் கொளுத்தினேன். கம்ப்யூட்டர்ல அந்த வேலையையும் அந்தப் பழைய ஃபோல்டரையும் சுவடில்லாம அழிச்சேன். அன்னைக்கு ரெண்டு பேர் செத்தாங்க. ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க.

மறுநாள் டீக்கடைக்குப் போனா மாயழகைச் சுத்திக் கூட்டம். அவருக்குத் தொப்பி வெச்சிருந்தாங்களாம்.

தொப்பின்னு நாங்க சொல்றது போலீஸோட நினைவுப் பிரிவுல இருக்கிற மெசின். அதுக்கு நீளமா ஒரு பேரு இருக்கு, யாரும் சொல்றதில்ல. தலையில மாட்டினா நாம பாத்ததைப் படமா வரைஞ்சு குடுத்துரும். அது வந்து நாலு வருசம் ஆச்சு.

"வலிச்சுச்சாண்ணே?" ஒருத்தர் கேட்டார்.

"வலியெல்லாம் இல்லப்பா. கண்ணை மூடிக்க, பஸ் வந்து நின்ன நேரத்தை நெனச்சுக்கன்னு சொன்னாங்க. அம்புட்டுத்தான். எனக்கு அவன் மூஞ்சியைப் பாத்த ஞாபகமே இல்ல. பாக்கலைன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா படம் வந்துச்சு பாரு, அப்படியே சிலிர்த்துப் போச்சு. ஆமா, இந்த மூஞ்சிதான், எங்கயோ உள்ள இருந்துருக்கு."

"உங்களுக்கு மட்டுமா?"

"நாலு பேருக்கு வெச்சாங்க. நாலு பேருக்கும் அதே மூஞ்சி. தனித்தனி ரூம்ல வெச்சு எடுத்தது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டிவியில அந்தப் படத்தைக் காட்டினாங்க. என் கையில இருந்த டீ கிளாஸை மேஜையில வெச்சேன். வெக்கலைன்னா போட்டுருப்பேன்.

அது நான் செஞ்ச மூஞ்சி. ஆளை வேணா மறப்பேன், என் வேலையை மறக்க மாட்டேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெளிநாட்டு வேலைக்குப் போட்டோ எடுக்க வந்த போர்வெல் மோட்டார் மெக்கானிக். நல்ல கறுப்பு. எடது புருவத்துலருந்து கன்னம் வரைக்கும் நீளமா ஒரு தழும்பு. குழாய் எறக்குறப்ப கிளாம்ப் தெறிச்சு அடிச்சதாம். நான் கேக்காமலே தழும்பை அழிச்சு, ரெண்டு சுத்து வெளுப்பாக்கி, காது ஓரத்தை வெட்டிச் சரி பண்ணேன். அந்த ஆள் பாத்துட்டுச் சிரிச்சார். "அண்ணே, இதைப் பாத்தா என் பொண்டாட்டியே யாருன்னு கேப்பாண்ணே"ன்னு சொல்லி, தழும்போட இன்னொண்ணு எடுத்துக்கிட்டுப் போனார். வெளுத்த மூஞ்சி என்கிட்டயே தங்கிருச்சு. டிவியில வந்தது அந்த வெளுத்த மூஞ்சி. வெட்டின காது உட்பட.

எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அந்த நாலு பேரும் பாட்டில் போட்டவனைப் பாக்கவே இல்ல. பஸ் வர்ற வரைக்கும் வேற வேலை இல்லாம என் பேனரைப் பாத்துக்கிட்டு நின்னுருக்காங்க. தலையைக் குனிஞ்சு நின்னவனுக்குப் பக்கத்துல, அதே உயரத்துல, அந்த வட்டம். காலியா இருந்த எடத்துல பக்கத்துல கிடந்த மூஞ்சியை எடுத்து ஒட்டிருச்சு அவங்க மூளை. நான் பண்ணின அதே வேலை.

வீட்டுக்குப் போய் செண்பகத்துகிட்ட சொன்னேன். என் வீட்டுக்காரி எதையும் ரெண்டு தடவை கேக்க மாட்டா.

"நீங்களா பாட்டில் போட்டீங்க?"

"இல்ல."

"அந்த ஆளையாவது தெரியுமா?"

"போட்டோ எடுத்துருக்கேன்."

"அதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிராதீங்க. கேமராவை மறைச்சது நீங்க. மூஞ்சி உங்க கம்ப்யூட்டர்ல இருந்தது. ரெண்டையும் முடிச்சுப் போட அவங்களுக்கு எம்புட்டு நேரமாகும்? நமக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. அந்த ஆள் பண்ணலைன்னா அவங்களே கண்டுபிடிச்சு விட்டுருவாங்க."

அவ மேல பழி போட நான் இதைச் சொல்லல. நானும் அதைத்தான் கேக்கணும்னு அவகிட்ட போனேன்.

மூணாவது நாள் காலையில முத்திருளனைப் பிடிச்சுட்டாங்க. ரேஷன் கார்டு போட்டோக்களோட எலும்பு அமைப்பை ஒப்பிட்டுப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சாங்களாம். அப்பதான் எனக்கு அவர் பேரே தெரியும். சம்பவ நேரத்துல ஊருக்கு வெளிய ஒரு தோட்டத்துல தனியா மோட்டார் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்னார். தோட்டத்துக்காரர் ஊர்ல இல்ல. போன்ல சார்ஜ் இல்ல. போதாதா.

அன்னைக்கு மத்தியானமே என் கடைக்கு இன்ஸ்பெக்டர் வந்தாங்க. பேரு மங்கையர்க்கரசி. நெத்தியில சின்னதா திருநீறு, கண்ணு ரெண்டும் தூங்காம சிவந்து கிடந்துச்சு. மாப்பிள்ளையை விசாரிச்சு என் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வந்துருந்தாங்க. கூட நினைவுப் பிரிவுல வேலை பாக்கிற ஒரு சின்னப் பொண்ணு, இன்பான்னு கூப்பிட்டாங்க.

"கம்பத்துல பேனர் கட்டினது நீங்கதான?"

"ஆமா மேடம். தப்புதான் மேடம்."

"உங்க பேனர் இல்லைன்னா கேமராவுலயே ஆளைப் பிடிச்சிருப்போம். தெரியுமா?"

"மன்னிச்சுக்கங்க மேடம்."

போன்ல முத்திருளன் படத்தைக் காட்டினாங்க. "இந்த ஆளைத் தெரியுமா?"

இந்த எடத்துலதான் எல்லாம் இருக்கு. ஆமான்னு சொல்லிருந்தா ஒரே பேச்சு. என் வாய்ல வந்தது, "தெரியாது மேடம்."

"சம்பவத்தைப் பாத்தீங்களா?" அந்தப் பொண்ணு இன்பா கேட்டுச்சு. "பாத்துருந்தா இன்னைக்கே தொப்பி வெச்சுரலாம். மூணு நாளுக்குள்ள எடுத்தாதான் சுத்தமா வரும். அதுக்கப்புறம் நாம நெனச்சது, கேட்டது, டிவியில பாத்தது எல்லாம் உள்ள கலந்துரும்."

தொப்பி வெச்சா என்ன வரும்னு யோசிச்சேன். பேனர் வரும். பதினாறாவது வட்டம் வரும். முத்திருளன் வீட்டுக்குப் போயிருவார். அதோட சேந்து, ஜனங்க எரியுறப்ப நான் கயிறு அறுக்கிறதும் வரும்.

"நான் கம்பத்தைப் பாத்துத் திரும்பி நின்னேன்மா. ஒண்ணையும் பாக்கல."

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு நிமிசம் பாத்தாங்க. நல்லவங்கதான். "இனிமே கேமரா மேல கட்டாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு நான் நல்லாச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேணும்.

அதுக்கப்புறம்தான் சாப்பாடு எறங்கல. கண்ணை மூடினா ஆலடி ஸ்டாப். சாம்பல் சட்டை முதுகு. அந்த முதுகு யாரோடது, திரும்பினா எப்படி இருப்பான்னு மனசு போட்டுக் கொடையும். முத்திருளனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு திங்கக்கிழமை நானும் போய்க் கூட்டத்துல நின்னேன். வேன்லருந்து எறக்கினாங்க. நான் வெளுப்பாக்காத ஆளு. வெயில்ல அந்தத் தழும்பு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஒருத்தன் செருப்பைக் கழட்டி எறிஞ்சான், அது அவர் தோள்ல பட்டுக் கீழ விழுந்துச்சு. அவர் யாரு எறிஞ்சாங்கன்னுகூடத் திரும்பிப் பாக்கல. அதுலருந்து அந்த முதுகு திரும்பினா அவர் மூஞ்சிதான் வந்துச்சு. தூக்கத்துலயும் வந்துச்சு, முழிச்சிருக்கிறப்பவும் வந்துச்சு.

கோர்ட் வாசல்ல அவர் சம்சாரம் உக்காந்துருந்தா. பேச்சியம்மாள்னு பேரு. முப்பது வயசு இருக்கும். கையில ஒரு டிபன் கேரியர், உள்ள விடாம திருப்பிக் குடுத்துருந்தாங்க. நான் போய்ப் பக்கத்துல நின்னேன். ஏன் போனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை மோட்டார் ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன்"னு பொய் சொன்னேன்.

அவளுக்கு அதுவே போதுமா இருந்துச்சு. ஊர்ல எவனும் அவகிட்ட பேசல. "அண்ணே, அவர் ஒரு தேளைக்கூட அடிக்க மாட்டாருண்ணே, எடுத்து வெளிய போடுவாரு. ஆனா வக்கீல் தைரியமா இருக்கச் சொல்லிருக்காருண்ணே."

"என்ன சொன்னார்?"

"தொப்பிப் படம் நாலுலயும் தழும்பு இல்லண்ணே. இம்மாம் பெரிய தழும்பு. பாத்தவங்களுக்கு அதானே மொதல்ல தெரியணும்? போலீஸு என்னமோ மாவு பூசி மறைச்சாருங்குறாங்க. மோட்டார் பாக்குற மனுசன் மாவு பூசுவாரா? பெரிய கோர்ட்டுல தழும்பை வெச்சே வெளிய எடுத்துருவேன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அந்தத் தழும்பு வந்தப்ப நான் எம்புட்டு அழுதேன் தெரியுமாண்ணே. இப்ப அதான் எங்க சாமி."

எனக்கு ஒரு பெரிய பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. தழும்பு காப்பாத்திரும், நான் வாயைத் தொறக்கத் தேவையில்லைன்னு நெனச்சேன். அந்தத் தழும்பை அழிச்சதே நான்தான். அதையே எனக்குப் புண்ணியமாக்கிக்கிட்டேன். இப்படி ஒரு சமாதானத்தைக் கண்டுபிடிக்கிற மனசை என்ன சொல்றது. த்தூ.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை அவ வீட்டுக்குப் போயிருவேன். அரிசி வாங்கிக் குடுப்பேன், ஒரு நாள் தையல் மெசினுக்குப் பெல்ட் மாத்திக் குடுத்தேன். செவுத்துல அவங்க கல்யாணப் போட்டோ இருக்கும். பேச்சி உள்ள காபி போடுற நேரமெல்லாம் நான் அந்தப் போட்டோவைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பேன். பெரிய கோர்ட்டுல தேதி குடுத்துட்டாங்கன்னு சந்தோசமாச் சொல்லுவா. நானும் சந்தோசப்படுவேன்.

இருபதாவது நாள் காய்கறி மார்க்கெட்டுல இன்னொரு பாட்டில் விழுந்துச்சு. கீரை வித்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா அந்த எடத்துலயே போயிருச்சு. யாரும் அவன் மூஞ்சியைப் பாக்கல. போலீஸ் சொல்லுச்சு, இது ஒரு கும்பல், முத்திருளனோட கூட்டாளி வெளிய இருக்கான்னு.

அந்த அம்மா போட்டோவை என் கடைக்குத்தான் கொண்டுவந்தாங்க, கண்ணீர் அஞ்சலி அடிக்க. மருமகன் போல, "அண்ணே, கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி பண்ணுங்க"ன்னார். நான் மவுஸை விட்டுட்டேன். அன்னைக்கு மூணாவது நாளே நான் சொல்லிருந்தா, போலீஸ் நிஜமான ஆளைத் தேடிருக்கும். இந்த அம்மா இன்னைக்குக் கீரை வித்துக்கிட்டு இருந்துருக்கும். வேற கடை பாத்துக்கங்கன்னு அவரை அனுப்பிட்டு, ஷட்டரை எறக்கிட்டு, டிவியில வந்த மூஞ்சியை வெச்சு அந்தப் பேனரைத் திரும்பச் செஞ்சேன். மறுநாள் பேச்சி வீட்டுக்குப் போனேன்.

எல்லாத்தையும் சொன்னேன். வட்டம், பேனர், நெருப்பு, பொய். அவ துணி தச்சுக்கிட்டு இருந்தவ கேட்டுக்கிட்டே இருந்தா. திட்டுவா, அடிப்பான்னு எதிர்பாத்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்துருக்கும்.

"இத்தனை நாளும் எங்க வீட்டுல காபி குடிச்சீங்களேண்ணே." அவ்வளவுதான் கேட்டா. அப்புறம் எந்திரிச்சுச் செருப்பை மாட்டினா. "வாங்க, போய்ச் சொல்லுவோம்."

ரெண்டு பேரும் டவுன் பஸ்லதான் போனோம். வழியில அவ ஒரே ஒரு தடவை பேசினா. "பயப்படாம சொல்லுங்கண்ணே. உண்மையைத்தான சொல்லப் போறீங்க."

நினைவுப் பிரிவு ஆபீஸ்ல பேச்சியை வெளிய பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. நான் உள்ள போனேன். மங்கையர்க்கரசி மேடம் பொறுமையாத்தான் கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாங்க. முடிஞ்சதும் பேனாவை மூடி வெச்சாங்க.

"சரி தவசிலிங்கம். அந்தப் பேனர் எங்க?"

"எரிச்சுட்டேன் மேடம்."

"ஃபைல்?"

"அன்னைக்கே அழிச்சுட்டேன். ஆனா காட்டுறதுக்காக நேத்து உக்காந்து திரும்பச் செஞ்சேன் மேடம். அச்சு அசலா அதேதான். இந்தாங்க." பென் டிரைவை நீட்டினேன்.

அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு மேஜையில வெச்சாங்க. "நேத்து செஞ்சது."

"ஆமா மேடம்."

"யார் தலையை வேணாலும் யார் கழுத்துல வேணாலும் ஒட்டுறது உங்க தொழில். நேத்து செஞ்ச ஒரு படத்தை எடுத்துட்டுப் போய் நான் ஜட்ஜுகிட்ட என்னன்னு சொல்றது?"

மாப்பிள்ளைக்கு நான் வாட்ஸ்அப்ல அனுப்பின மாதிரிப் படம் இருக்குமேன்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. சொன்னேன். உடனே போன் போட்டு அனுப்பச் சொன்னாங்க. பத்து நிமிசத்துல வந்துச்சு. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாங்க. மாப்பிள்ளை, பொண்ணு, ரோஜாப்பூ, கீழ பதினஞ்சு மூஞ்சி. கடைசி வட்டம் காலி. அந்தப் படத்தை அனுப்பினதுக்கு அப்புறம்தான் நான் ஆளை ஒட்டினேன்.

"காலியாத்தான் இருக்கு"ன்னாங்க.

"மேடம், எனக்குத் தொப்பி வைங்க. நான் ஏணி மேல நின்னேன். பேனரை என்னை விட நல்லாப் பாத்தவன் யாரும் இல்ல. என் தலைக்குள்ள இருக்கும் மேடம்."

இன்பா தயங்குச்சு. "மூணு நாள் தாண்டிருச்சு மேடம். இருபத்திரெண்டு நாள். இவர் இதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்துருப்பார்."

"கோர்ட் ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும். நாள் கடந்ததுன்னு ஓரத்துல ஒரு குறிப்புப் போடணும். அவ்வளவுதான்."

"போடு."

தொப்பி குளிர்ச்சியா இருந்துச்சு. கண்ணை மூடினேன். பேனரை நெனை, பேனரை நெனைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏணியை நெனச்சேன், கயித்தை நெனச்சேன், வட்டத்தை ஒண்ணு ஒண்ணா எண்ணினேன். பதினாறு வரைக்கும் எண்ணினேன். பஸ் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. இன்பா மெல்ல, "போதும்"னு சொல்லுச்சு.

கண்ணைத் தொறந்தப்ப மேடம் ஸ்கிரீனுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. நானும் பாத்தேன். ஆலடி ஸ்டாப் அப்படியே இருந்துச்சு. கம்பம், டவுன் பஸ், மாயழகு கடை. பேனர் வெறும் வெள்ளைத் துணியா ஓரத்துல தொங்குச்சு, அதுல ஒரு மூஞ்சியும் இல்ல. பஸ்ஸுக்கு முன்னாடி சாம்பல் சட்டைக்காரன். கையில பாட்டில். என்னைப் பாத்து முழுசாத் திரும்பி நின்னான்.

முத்திருளன். நான் வெளுப்பாக்கின ஆள் இல்ல. கோர்ட் வாசல்ல வெயில்ல நின்ன ஆள். புருவத்துலருந்து கன்னம் வரைக்கும் தழும்பு, ஒரு மயிரிழை பிசகாம.

"இது நான் அன்னைக்குப் பாத்தது இல்ல மேடம்"ன்னேன். "கோர்ட்டுல பாத்தது. அவங்க வீட்டுப் போட்டோவுல பாத்தது. தெனமும் நெனச்சு நெனச்சு நானே உள்ள வரைஞ்சுட்டேன். அவன் முதுகைத்தான் நான் பாத்தேன். சத்தியமா முதுகைத்தான் பாத்தேன்."

மேடம் நாற்காலியை இழுத்து எனக்கு எதிர்ல உக்காந்தாங்க. "நான் உங்களை நம்புறேன்னே வெச்சுக்குவோம் தவசிலிங்கம். நம்பினதை எந்தக் கட்டத்துல எழுதுறது? இந்த ஃபாரத்துல தொப்பிப் படத்துக்கு ஒரு பக்கம் இருக்கு. வாய் வார்த்தைக்குக் கீழ ரெண்டு வரி இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டா எதை எடுக்கணும்னு சட்டத்துல இருக்கு."

"மூணாவது நாளே வந்துருந்தா மேடம்?"

இன்பாதான் பதில் சொல்லுச்சு, என்னைப் பாக்காம. "பேனர் தெளிவா வந்துருக்கும் சார்."

மேடம் ஃபைலைத் தொறந்து முன்ன எடுத்த நாலு படத்தையும் மேஜையில பரப்பினாங்க. பக்கத்துல என்னோடதை வெச்சாங்க. "அந்த வக்கீல் தழும்பு இல்ல, தழும்பு இல்லன்னு அதை ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னார். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லாம இருந்துச்சு." என் படத்துல இருந்த தழும்பு மேல விரலை வெச்சாங்க. "கேமராவை மறைச்சது நீ. ஆளைத் தெரியாதுன்னு பொய் சொன்னது நீ. பேனரை எரிச்சது நீ. அந்த ஆள் வீட்டுக்கு வாரம் தவறாம அரிசி வாங்கிக் குடுத்ததும் நீ."

அதுவரைக்கும் நீங்கன்னுதான் கூப்பிட்டாங்க. நீ ஆனது எப்பன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நாலு எடத்துல போட்டேன். ஒரு ஏட்டய்யா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார், அழுத்திக்கூடப் பிடிக்கல. வராண்டாவுக்குக் கூட்டிட்டு வந்தார்.

பேச்சி பெஞ்சுலருந்து எந்திரிச்சா. ஏட்டய்யா கை என் மேல இருக்கிறதைப் பாத்ததும் அவ கண்ணு கலங்கிருச்சு. எனக்காகக் கலங்குச்சு.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்மா."

"தழும்பு விசயத்தையும் சொன்னீங்களா? நீங்கதான் அழிச்சீங்கன்னு?"

"சொன்னேன்."

"தொப்பி வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

அவ ரெண்டு கையையும் மூஞ்சியில பொத்திக்கிட்டு ஒரு நிமிசம் நின்னா. அப்புறம் போனை எடுத்து வக்கீலுக்கு அடிச்சா. "அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்கய்யா, தொப்பியும் வெச்சாச்சுங்கய்யா"ன்னு அவ சொல்றது கேட்டுச்சு. ஏட்டய்யா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். விசயம் அவருக்குத் தெரியும்.

போனை வெச்சுட்டு அவ என்கிட்ட வந்தா. இவ்வளவு நாள் பண்ணின துரோகத்தை அந்த நிமிசமே மன்னிச்ச மாதிரி என் முன்னாடி நின்னு, ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டா. வேணாம்மான்னு சொல்லிருக்கணும். உள்ள வந்த படத்துல தழும்பு இருந்துச்சுன்னு சொல்லிருக்கணும். அவ கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னு வாங்கிக்கிட்டேன்.